“அவங்க ஒண்ணுமே பண்ணலையே... அப்புறம் எதுக்குப் பாயின்ட்?”

உங்க காலேஜ்ல டென்னிஸ் கோர்ட் இருக்கா? கண்டிப்பா இருக்கும். மெயின் பில்டிங்குக்குப் பின்னாடி, பஸ் நிக்கிற இடத்தை ஒட்டி, சிமென்ட் தரையில பாதி அழிஞ்ச கோடுகளோட ஒண்ணு கிடக்கும். நெட்ல ரெண்டு ஓட்டை இருக்கும். சாயந்திரம் ஆனா அதுல கிரிக்கெட்தான் நடக்கும். எங்க காலேஜ்லயும் அதே கதைதான். அந்தக் கோர்ட்டுலதான், போன வருஷம் மார்ச் மாசம், நான் ஒரு ஃபைனலைத் தோத்தேன்.

தோத்தேன்னு சொல்றதுகூட தப்பு பாஸ். தூக்கிக் குடுத்தேன்!

டிபார்ட்மென்ட்டுகளுக்கு இடையிலான பெண்கள் டபுள்ஸ். நான் மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம். எங்க கிளாஸ்ல பொண்ணுங்களே அஞ்சு பேர்தான். அதனால ராக்கெட்டைச் சரியான பக்கம் பிடிக்கத் தெரிஞ்ச உடனே டீம்ல சேர்த்துட்டாங்க. என் பார்ட்னர் ஃபைனல் இயர் அக்கா. நாலு வருஷமா ஆடுறாங்க, ஒரு கப்கூட ஜெயிச்சதில்ல. அதுதான் அவங்களோட கடைசி மேட்ச். அதைப் பார்க்க அவங்க அப்பா சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தார். வாழ்க்கையில டென்னிஸே பார்த்ததில்லையாம். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வேப்ப மர நிழல்ல உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு இருந்தார்.

ஒரே செட். ஸ்கோர் 5-6. என் சர்வீஸ். 30-40.

டென்னிஸ் தெரியாத நண்பர்களுக்கு ஒரு நிமிஷப் பாடம். சர்வீஸ் போடுறவருக்கு ரெண்டு வாய்ப்பு. முதல் பந்து எதிர்ப்பக்கக் கட்டத்துக்குள்ள விழலைன்னா ரெண்டாவது பந்து. அதுவும் விழலைன்னா டபுள் ஃபால்ட், பாயின்ட் எதிராளிக்கு.

முதல் பந்தை வெறித்தனமா அடிச்சேன். நெட்டோட அடிவயித்துல போய்ப் புதைஞ்சது. ரெண்டாவது பந்துக்குக் கை நடுங்குது. ‘ஐயையோ, உள்ள விழுந்தா போதும் சாமி’ன்னு மெதுவா, ரொம்ப மெதுவா, குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி தட்டி விட்டேன். அது ஆடி அசைஞ்சு போய், நெட்டோட மேல் பட்டையில பட்டு, எங்க பக்கமே திரும்பி விழுந்தது.

மேட்ச் ஓவர்.

அக்கா திட்டலை. “விடுடி”ன்னு சொல்லிட்டுப் பந்துகளைப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்தது. கேன்டீன்ல டீ குடிக்கும்போது அவங்க அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். கிண்டல் இல்ல, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டார்.

“ஏம்மா, கடைசியா ரெண்டு பந்து நீதானே அடிச்ச? அவங்க அந்தப் பக்கம் சும்மாதானே நின்னாங்க? ஒண்ணுமே பண்ணலையே... அப்புறம் எதுக்கு அவங்களுக்குப் பாயின்ட்?”

“ரூல் அப்படிப்பா”ன்னு சிரிச்சேன். ராத்திரி ஹாஸ்டல்ல சிரிப்பு வரலை. அவர் கேட்டது கரெக்ட்தானே? எதிராளி அடிச்சுத் தோத்தா அது தோல்வி. எதிராளி சும்மா நிக்கும்போது தோத்தா அதுக்கு என்ன பேரு?

ரெண்டு மாசம் கோர்ட் பக்கமே போகலை. அப்புறம் செமஸ்டர் லீவ்ல, வேற வேலை இல்லாம, ஒரு காலையில போனேன். அங்கதான் எங்க மார்க்கர் அண்ணன் கோடு போட்டுக்கிட்டு இருந்தார். மார்க்கர்னா கோர்ட்டைப் பார்த்துக்கிறவர். நெட் கட்டுவார், கோடு போடுவார், ஆள் குறைஞ்சா அவரே ஆடுவார். சின்ன வயசுல ஒரு கிளப்ல பந்து பொறுக்கிப் போட்டு, பார்த்துப் பார்த்தே ஆடக் கத்துக்கிட்டவர். நான் ஒரு பத்து சர்வீஸ் போட்டதைப் பார்த்தார். சுண்ணாம்பு வாளியைக் கீழ வெச்சார்.

“ரெண்டாவது சர்வீஸ்தாம்மா சர்வீஸ். முதல் சர்வீஸ் சும்மா ஒரு ஆசை. உனக்கு ஆசை மட்டும்தான் இருக்கு.”

அன்னிக்குத் தொடங்கின கதைதான் இது. நான் கோச் இல்லை. ஏஸ் போடக் கத்துத் தர மாட்டேன், எனக்கே வராது. ஆனா ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரர்களான நாம பயப்படாம ரெண்டாவது பந்தைப் போடுறது எப்படின்னு பத்து மாசத்துல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல தோசைக்கரண்டியைக் கீழ போடுங்க!

ராக்கெட்டை எப்படிப் பிடிக்கிறீங்க? முகம் வானத்தைப் பார்க்க, தோசையைத் திருப்பிப் போடுற மாதிரியா? நம்மள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் (இந்தக் கணக்கு எங்க கோர்ட்டுல நானே எண்ணினது). அந்தப் பிடியில பந்தை நேரா அறையலாம், இல்லைன்னா மெதுவாத் தட்டலாம். சுழல வைக்க முடியாது. அதாவது, முதல் சர்வீஸ் உண்டு, ரெண்டாவது சர்வீஸ் கிடையாது.

சுத்தியல் பிடிச்சு ஆணி அடிப்பீங்களே, அப்படிப் பிடிங்க. ராக்கெட்டோட விளிம்பு ஆணிப் பக்கம் இருக்கும், முகம் பக்கவாட்டுல பார்க்கும். கான்டினென்ட்டல் கிரிப்னு சொல்றது இதைத்தான். மாத்தின உடனே என்ன ஆகும் தெரியுமா? வலது கைக்காரர்னா பந்து இடது பக்கம் பறந்து போய் பஸ் கண்ணாடியில விழும். பயப்படாதீங்க (டிரைவர் அண்ணன்கிட்ட மட்டும் பயப்படுங்க). விளிம்பால பந்தை வெட்டப் போற மாதிரியே ராக்கெட்டைக் கொண்டு போங்க. கடைசி நொடியில முன்கை தானாத் திரும்பி முகத்தைக் காட்டும். எனக்கு அது புடிபட ரெண்டு வாரம் ஆச்சு. அந்த ரெண்டு வாரமும் முன்னைவிட மோசமாத்தான் ஆடினேன். பழைய பிடிக்கே திரும்பிடலாம்னு தினமும் தோணும். அங்கதான் நிறையப் பேர் விட்டுடுறாங்க. நீங்க விடாதீங்க.

மாங்கா அடிச்சிருக்கீங்களா?

‘சர்வீஸை மேல இருந்து கீழ அறையணும்’னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். டி.வி.யில பார்த்தா அப்படித்தான் தெரியும். மார்க்கர் அண்ணன் “மேல அடி, மேல அடி”ன்னு கத்துவார். நமக்குத்தான் இன்ஜினீயரிங் திமிராச்சே! அவர் சொல்றது தப்புன்னு நிரூபிக்க பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

நாம நிக்கிற கோட்டுல இருந்து நெட் 39 அடி. நெட்டைத் தாண்டி சர்வீஸ் கோடு இன்னும் 21 அடி. மொத்தம் 60. நெட்டோட நடு உயரம் 3 அடி. (ஓரத்துல மூன்றரை அடி. நெட் நடுவுல தொங்குறது நம்ம காலேஜ் பஞ்சத்தால மட்டும் இல்லீங்க, ரூலே அதான்!) பந்து நேர்கோட்டுல போகுதுன்னு வெச்சுக்கிட்டா, நெட்டை உரசிக்கிட்டுப் போய் சர்வீஸ் கோட்டுல விழ எவ்வளவு உயரத்துல அடிக்கணும்? பத்தாங்கிளாஸ் வடிவொத்த முக்கோணம்தான். 3 × 60 ÷ 21. விடை 8.57 அடி.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். கையைத் தூக்கி, ராக்கெட்டை நீட்டி, எம்பி நின்னாலும் பந்து படுற இடம் ஏழே முக்கால் அடிதான். அதாவது கீழ்நோக்கி நேரா அறைஞ்சா, என்னால அந்தக் கட்டத்துல பந்தைப் போடவே முடியாது!

அப்புறம் எப்படி விழுது? புவியீர்ப்பு இழுக்குறதால. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல தரைக்கு இணையா அடிச்சேன்னு வைங்க. நெட்டுக்குப் போறதுக்குள்ள பந்து நாலரை அடி கீழ இறங்கிடும். நெட்டுக்கு மேல மிச்சம் இருக்கிறது ஒரு ரெண்டு அங்குலம். அப்போ இன்னும் கொஞ்சம் மேல்நோக்கித்தான் அடிக்கணும். காத்தோட தடையை விட்டுட்டுப் போட்ட கணக்குதான் இது. அதையும் சேர்த்தா பந்து இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இப்ப அந்த ஃபைனல் பந்துக்கு வருவோம். பயந்து 50 கிலோமீட்டர்ல தட்டினேன்ல? அந்த வேகத்துல நெட்டுக்குப் போறதுக்குள்ளயே பந்து 11 அடிக்கு மேல இறங்கும். அவ்வளவு மெதுவாப் போடணும்னா ரொம்ப மேல தூக்கி அடிச்சிருக்கணும். ஆனா பயத்துல நான் குறி வெச்சது நெட்டுக்கு ஒரு சாண் மேல. ‘பத்திரமா’ தட்டினதாலதான் அது நெட்ல விழுந்தது. கணக்கைப் போட்டு முடிச்சுட்டு நோட்டை மூடி வெச்சுட்டேன். மறுநாள் அண்ணன்கிட்ட போய் “சரிண்ணே, மேலயே அடிக்கிறேன்”னேன். அவர் எந்தக் கணக்கும் கேட்கலை.

சின்ன வயசுல மரத்துல கல் வீசி மாங்கா அடிச்சிருப்பீங்க. முழங்கை முதல்ல மேல போகும், கை பின்னாடியே சாட்டை மாதிரி வரும், பார்வை மேலயே இருக்கும். அதேதான் சர்வீஸ். மாங்கா அடிக்கத் தெரிஞ்ச எல்லோருக்கும் பாதி சர்வீஸ் ஏற்கெனவே தெரியும்.

டாஸ்: தண்ணி சிந்தாம தூக்குங்க

டென்னிஸ்ல மத்த எல்லா அடியையும் எதிராளி அனுப்புற பந்துலதான் அடிக்கணும். சர்வீஸ் மட்டும்தான் நாமளே பந்தைப் போட்டு நாமளே அடிக்கிறது. யாரும் தொந்தரவு பண்றதில்லை. அதனாலதான் சொதப்பினா வெட்கம் அதிகம். அதனாலேயேதான் பிராக்டீஸுக்கு யாரும் வேண்டாம்! பார்ட்னர் வேண்டாம், கோச் ஃபீஸ் வேண்டாம். பழைய பந்து பத்து, ஒரு பெயின்ட் வாளி. போதும்.

பந்தை உள்ளங்கையில அழுத்திப் பிடிக்காம, விரல் நுனிகள்ல வைங்க. மணிக்கட்டை ஆட்டாதீங்க. கையை நீட்டி, தண்ணி நிறைஞ்ச டம்ளரைத் தூக்குற மாதிரி மொத்தக் கையையும் தோள்ல இருந்து தூக்குங்க. கை கண் உயரத்துக்கு வரும்போது விரல்களைத் திறந்தா போதும், பந்து தானாப் போகும்.

ரொம்ப உயரமும் வேண்டாம். உச்சியில இருந்து 1 அடி இறங்கின பந்து விநாடிக்கு 8 அடி வேகத்துல வரும். 4 அடி இறங்கினா 16 அடி வேகம். டபுள்! எவ்வளவு வேகமா விழுதோ அவ்வளவு கஷ்டம் சரியான நேரத்துல தொடுறது. எட்டிப் பிடிக்கிற உயரத்துக்கு ஒரு அடி மேல போதும்.

ஹோம்வொர்க்: முன்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி ராக்கெட்டைத் தரையில வைங்க. டாஸ் போட்டு, அடிக்காம விடுங்க. பந்து நரம்பு மேல விழணும். பத்துக்கு எத்தனைன்னு எண்ணுங்க. எனக்கு முதல் நாள் பத்துக்கு ரெண்டு. இதை ஹாஸ்டல் மொட்டை மாடியிலயே பண்ணலாம். ரூமுக்குள்ள வேண்டாம். ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கும். சொந்த அனுபவம்.

இன்னொரு சூப்பர் விஷயம். டாஸ் தப்பாப் போச்சுன்னா அடிக்கவே வேண்டாம். ராக்கெட்டை வீசாத வரைக்கும் பந்தைப் பிடிச்சுட்டு மறுபடியும் போடலாம், அது ஃபால்ட் இல்லை. வீசிட்டு மிஸ் பண்ணினாத்தான் ஃபால்ட். இந்த ரூல் தெரியாம, தப்பாப் போன டாஸையெல்லாம் துரத்தித் துரத்தி அடிச்சே ஒரு வருஷம் ஓட்டியிருக்கேன்!

அரியர் பேப்பர் கை குடுத்த கதை

இப்பத்தான் மெயின் மேட்டர். ரெண்டாவது சர்வீஸை மெதுவா வீசாதீங்க. முதல் சர்வீஸுக்கு வீசுற அதே வேகத்துல வீசுங்க. என்னது, அதே வேகமான்னு ஷாக் ஆகாதீங்க. வீச்சு அதேதான், தொடுற விதம்தான் வேற.

பந்தைப் பின்னாடி இருந்து பார்த்தா ஒரு கடிகாரம்னு நினைச்சுக்குங்க. வலது கைக்காரர் 7 மணியில தொட்டு 1 மணிக்கு, கீழ இருந்து மேல, உரசிக்கிட்டே போகணும். அறையக் கூடாது, உரசணும். இதுக்கு டாஸ் முதல் சர்வீஸை விடக் கொஞ்சம் தலைக்கு மேல, லேசா இடது பக்கம் இருக்கணும். உங்க பலத்துல பாதி பந்தை முன்னாடி தள்ளப் போகும், மீதி சுழல வைக்கப் போகும். முன்னாடி சுழலுற பந்து காத்தை மேல தள்ளும், பதிலுக்குக் காத்து பந்தைக் கீழ தள்ளும். இதுக்கு மேக்னஸ் விளைவுன்னு பேரு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல இருக்கு. நான் அரியர் வெச்ச பேப்பர். எக்ஸாம்ல புரியாதது கோர்ட்டுல புரிஞ்சது. (அரியரையும் கிளியர் பண்ணிட்டேன், நன்றி டென்னிஸ்!)

அதனால நெட்டுக்கு ரெண்டு மூணு அடி மேல தாராளமா அடிக்கலாம். வெளிய போகப் போற மாதிரியே போய், திடீர்னு குனிஞ்சு கட்டத்துக்குள்ள விழும். வேகமா வீசினா சுழற்சி அதிகம், சுழற்சி அதிகம்னா உள்ள விழுற வாய்ப்பு அதிகம். பயத்துல வீச்சைக் குறைச்சா சுழற்சி போயிடும், பந்து எங்க வேணா போகும். எவ்வளவு பயமோ அவ்வளவு துணிச்சலா வீசணும். மனசு ஒத்துக்காது. அதுக்குத்தான் பிராக்டீஸ்.

இதுக்கு அண்ணன் குடுத்த பயிற்சி: ஒரு பழைய தலையணையைப் போட்டு அதுல முழங்கால் போட்டு நின்னு சர்வீஸ் போடணும். முதல்ல சர்வீஸ் கோட்டுல இருந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னாடி போய். அந்த உயரத்துல இருந்து மேல உரசாம பந்து நெட்டைத் தாண்டவே தாண்டாது. கிரிக்கெட் பசங்க “என்னக்கா, பிரார்த்தனையா?”ன்னு கேட்டாங்க. ஆமான்னுதான் சொன்னேன்.

ஒரு நாளைக்கு 40, 50 பந்து போதும். முன்னாடி தோளை நல்லாச் சுத்தி வார்ம்-அப் பண்ணுங்க. தோள் வலிச்சா அன்னிக்கு அவ்வளவுதான், நிறுத்திடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை ஃப்ரெண்டோட மொபைலை வாட்டர் பாட்டில்ல சாய்ச்சு வெச்சு ஸ்லோமோஷன்ல எடுங்க. நாம பண்றதா நினைக்கிறது ஒண்ணு, நிஜமாப் பண்றது வேற ஒண்ணுன்னு அப்பத்தான் தெரியும். நான் முழுசாக் கையை நீட்டி அடிக்கிறேன்னு நினைச்சேன். வீடியோவில முழங்கை மடங்கி, ஈ ஓட்டுற மாதிரி இருந்தது.

பெரிய ஆளுங்களும் நம்ம ஆளுங்கதான்

டபுள் ஃபால்ட் போட்டா அவமானமா இருக்கும்போது நான் ரெண்டு பேரை நினைச்சுக்குவேன்.

கோரன் இவானிசெவிச். 2001 விம்பிள்டன்ல வைல்ட் கார்டுல உள்ள வந்தவர். உலக ரேங்க் 125. அந்தப் போட்டியில மட்டும் 200-க்கும் மேல ஏஸ் போட்டவர். ஃபைனல்ல பேட்ரிக் ராஃப்டருக்கு எதிரா அஞ்சாவது செட்ல சாம்பியன்ஷிப் பாயின்ட் வந்தது. போட்டார் பாருங்க, டபுள் ஃபால்ட்! சர்வீஸ்லயே பேர் வாங்கின மனுஷனுக்கு! நாலாவது சாம்பியன்ஷிப் பாயின்ட்லதான் ஜெயிச்சார், அஞ்சாவது செட் 9-7.

அரினா சபலென்கா. 2022 ஜனவரியில உலக ரேங்க் 2. அடிலெய்ட்ல அடுத்தடுத்து ரெண்டு மேட்ச்ல தோத்தாங்க. ஒண்ணுல 18 டபுள் ஃபால்ட், இன்னொண்ணுல 21. கைக்குக் கீழ பந்தைப் போட்டு ஆடுற அளவுக்கு நிலைமை. அந்த வருஷம் மொத்தமா 400-க்கும் மேல. அவங்க மனசை மட்டும் தேத்திக்கிட்டு இருக்கலை. உடலியக்க நிபுணர் ஒருத்தரோட உட்கார்ந்து சர்வீஸையே பிரிச்சு மேய்ஞ்சு மாத்தினாங்க. 2023 ஜனவரியில ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல். முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட்ல மறுபடியும் டபுள் ஃபால்ட்! ஆனா அதுக்கப்புறமும் கை மெதுவாகலை. அவங்களும் நாலாவது பாயின்ட்லதான் கப்பைத் தூக்கினாங்க.

சர்வீஸ்னா வேகம் மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம சென்னையிலயே பதில் இருக்கு. ரமேஷ் கிருஷ்ணனோட சர்வீஸ் அவ்வளவு வேகம் கிடையாது. அந்த சர்வீஸை வெச்சுக்கிட்டுத்தான் மூணு தடவை கிராண்ட் ஸ்லாம் கால் இறுதி வரைக்கும் போனார். 1989 ஆஸ்திரேலியன் ஓப்பன்ல, அப்போ உலகின் நம்பர் 1 ஆன மேட்ஸ் விலாண்டரை ரெண்டாவது சுற்றுலயே வீட்டுக்கு அனுப்பினார். பந்தை உள்ள போட்டு ஆட்டத்தை ஆரம்பிச்சாத்தான் மத்த திறமையெல்லாம் வெளிய வரும்.

மறுபடியும் 30-40

இந்த வருஷம் பிப்ரவரி. செமி ஃபைனல். புது பார்ட்னர், என் ஜூனியர். 4-5. என் சர்வீஸ். 30-40. இதுக்குன்னே எவனோ ஸ்கோரை எழுதி வெச்ச மாதிரி!

முதல் பந்து நெட். வேப்ப மரத்துப் பக்கம் பார்த்தேன். அங்க யாரும் இல்லை, ரெண்டு சைக்கிள் மட்டும். பந்தை மூணு தடவை தட்டினேன். டாஸ் போட்டேன். வலது பக்கம் ஓடிருச்சு. போன வருஷம்னா துரத்தி அடிச்சிருப்பேன். பிடிச்சேன். “ஸாரி”ன்னேன். மறுபடியும் மூணு தட்டு. கை நடுங்கத்தான் செஞ்சது, பொய் சொல்லலை. ஆனா மனசுக்குள்ள ஒரே வார்த்தை: ‘மேல’.

முழு வேகத்துல உரசி விட்டேன். பந்து நெட்டுக்கு மூணு அடி மேல போச்சு. எதிர்ல நின்னவ ‘அவுட்’னு வாயைத் திறந்துட்டா. கடைசி நேரத்துல குனிஞ்சு உள்ள விழுந்து, அவ தோள் உயரத்துக்கு எகிறுச்சு. தடுமாறி எடுத்தா. நாங்க திருப்பினோம். அவங்க திருப்பினாங்க. ஏழெட்டு அடி போச்சு. கடைசியா நாங்க ரெண்டு பேரும் நின்ன இடத்துக்கு நடுவுல ஒரு அருமையான ஷாட். ரெண்டு பேராலயும் தொட முடியலை.

மேட்ச் ஓவர். ஆமாங்க, தோத்துட்டோம்!

ஆனா கை கொடுக்கப் போகும்போது அவ மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தா. அதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். ஜூனியர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா. மார்க்கர் அண்ணன் நெட்டைத் தளர்த்திக்கிட்டே, “இப்ப இருக்கு சர்வீஸ்”னார்.

ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். இப்ப ஓசூர்ல வேலை. அன்னிக்கு லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாங்க. கதை முழுக்கச் சொன்னேன். டபுள் ஃபால்ட் கணக்கைச் சொன்னேன்: மேட்ச் முழுக்க ஒண்ணே ஒண்ணு. “இரு, அப்பாகிட்ட தர்றேன். அவர் இன்னும் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார்”னாங்க.

“எப்படிம்மா இருக்க? ஆட்டம் என்னாச்சு?”

“தோத்துட்டோம்ப்பா.”

“அடடா. கடைசி பாயின்ட் எப்படிம்மா போச்சு? அவங்க அடிச்சு எடுத்தாங்களா?”

“ஆமாப்பா. அடிச்சுத்தான் எடுத்தாங்க.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

“அப்ப சரிம்மா”ன்னார்.

நாளைக்குக் காலையில 6 மணிக்கு உங்க கோர்ட்டும் காலியாத்தான் கிடக்கும். பத்து பந்து, ஒரு வாளி, ஒரு பழைய தலையணை. போங்க, மாங்கா அடிங்க!